காய் குறைந்த பிறகு

சீட்டு மேசையில் காய் குறைந்துபோனவன் எந்த நேரத்தில் மிச்சத்தை மொத்தமாக நடுவில் தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று. அதை வைத்து நான் வாழ்க்கையில் ஒரு அரிசி மூட்டைகூட வாங்கியதில்லை. யாரையும் கரை சேர்த்ததும் இல்லை.

கொழும்பில் ஒரு சீட்டுக் கிளப்பில் சில வருடம் மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போட்டேன். ஆடுகிறவர்கள் வேறு, கலைத்துப் பகிர்கிறவன் நான். ஆடுகிறவன் தன் கையைத்தான் பார்க்கிறான். பகிர்கிறவன் வேறு வேலையில்லாமல் மேசை முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். யார் பயப்படுகிறார், யார் பயப்படாதது போல் நடிக்கிறார், யார் தோற்றுப்போய் ஒரு மணி நேரமாகியும் அது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் கிளப்பை மூடினார்கள். வெஸ்ட்கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ஊர்ப்பக்கம் வந்தேன். ருவான்வெல்லை பஜாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்கிற வேலை கிடைத்தது. கடையின் மாடியில் தங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போவேன்.

தோட்டம் என்றால் அதன் கீழ்ப்பகுதி, கீழ் டிவிசன். முழுவதும் ரப்பர். அம்மா இறந்த பிறகு அங்கே எனக்கிருந்த சொந்தம் அம்மாவின் அண்ணன் ஒருவர்தான். ரப்பர் பால் வெட்டுகிறவர். டிவிசனின் தொழிற்சங்கத் தலைவரும் அவரே. அதனால் ஊருக்கெல்லாம் அவர் 'தலைவர்', எனக்கு மாமா. அவருடைய மகள், கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாமாவுக்கிருந்த காம்பராவின் பின்னால் அவர் இழுத்துக் கட்டிய சாய்ப்பில் இருந்தாள்.

மாமாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று. லயத்தை ஒட்டி அவர் மிளகுக்கொடி ஏற்றி, பலா வைத்து, மாட்டுக்கொட்டில் போட்டு வைத்திருந்த நிலத்தில் ஒரு துண்டு, உறுதிப் பத்திரம் எழுதி, மகளின் பேருக்கு வர வேண்டும். "காம்பரா தோட்டத்துது. நான் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் போயிட்டா, இங்க யாரு பேர் போடுறான்னு கேப்பாங்க. அவ புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவா?" என்பார். பேர் போடுவதென்றால் வேலைக்கு வந்ததாகப் பதிவாவது. பேர் போட்டவருக்குத்தான் சம்பளம், பேர் போட்டவருக்குத்தான் கூரை. டிவிசனில் எல்லாக் குடும்பத்துக்கும் இதே கதைதான். தலைவர் என்பதால் மாமா எல்லோருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டார்.

டிவிசன் ஆம்பிளைகளின் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் நடந்தது பிள்ளைக் காம்பராவில். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போக அந்தக் காலத்தில் கட்டிய கட்டடம். பிள்ளைகள் குறைந்துபோய் அதைப் பூட்டிவிட்டார்கள், சாவி மாமாவிடம் இருந்தது. சுவரில் ஒரு முயலும் அ, ஆ, இ, ஈயும் இன்னும் இருந்தன. உட்கார அந்தப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகள்தான். ஏழெட்டு ஆம்பிளைகள் முழங்கால் காதைத் தொட அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விடும்.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது முந்நூற்று நாலு. எங்கள் பக்கத்தில் கல்யாண வீடு, சாவு வீடு, மழை விடாத ஞாயிறு என்று எதற்கும் அதுதான். நான் போய்ப் போக்கரைப் புகுத்தினேன். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. தொடங்கும்போது எல்லோருக்கும் சமமான காய். தோற்றவன் எழுந்துபோவான், கடைசியாக உட்கார்ந்திருப்பவன் ஜெயித்தவன். அதற்குப் பெயர் டூர்னமெண்ட் என்றேன். காய்க்கு எங்கே போவது? ரப்பர் மரத்தடியில் விதை கொட்டிக் கிடந்தது. ரப்பர் விதை பெரிய காய், புளியமுத்து சின்னக் காய். காசு வைக்கக் கூடாது என்று மாமா முதலிலேயே சொல்லிவிட்டார். ஜெயித்தவர் வீட்டுக்கு அந்த வாரத்து விறகை மற்றவர்கள் பிளந்து போட வேண்டும். அவ்வளவுதான் பரிசு. நான் ஆடுவதில்லை. பழக்கதோஷத்தில் பகிர்ந்து மட்டும் கொடுப்பேன்.

இந்த ஆட்டத்தில் சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர், ஒருவர் சின்னதாக, அடுத்தவர் அதைப்போல் இரண்டு மடங்கு, நடுவில் காய் வைத்தாக வேண்டும். அந்த முறை மேசையைச் சுற்றி வரும். கை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆடினாலும் ஆடாவிட்டாலும், உன் முறை வந்தால் கட்டு. இதை நான் விளக்கி முடிக்கும் முன்பே ஒருவர், "சந்தா மாதிரி" என்றார். மாதா மாதம் சம்பளத்தில் கேட்காமலே வெட்டுகிற சங்கத்துச் சந்தா. எல்லோரும் தலைவரைப் பார்த்துச் சிரித்தார்கள், தலைவரும் சிரித்தார். அன்றிலிருந்து அது சந்தாதான். நேரம் போகப் போகச் சந்தா கூடும். கடிகாரம் வைத்து ஆட அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மாமா மகள் கேத்தலில் தேத்தண்ணி கொண்டு வரும்போதெல்லாம் சந்தாவை இரட்டிப்பாக்குவதென்று முடிவானது. அவள் தலை வாசலில் தெரிந்தால் காய் குறைந்தவர்கள் முகம் சுருங்கும். "கொஞ்சம் மெதுவா வாம்மா, ஒனக்கு என்னா அவசரம்" என்பார் மாமா. அவளுக்கு இது வேடிக்கை. வேண்டுமென்றே சீக்கிரம் வருவாள்.

மொத்தத்தையும் தள்ளுவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. எங்களோடு ஆட வந்த ஒரே சிங்களவர் கீழ்க் கிராமத்து லொறிக்காரர். தோட்டத்தில் வெட்டிப்போடும் கிழட்டு ரப்பர் மரங்களை விறகுக்கு ஏற்றுகிறவர். முதல் நாளே தன் காய் அத்தனையையும் இரண்டு கையாலும் வழித்து நடுவில் தள்ளி, "ஒக்கொம" என்றார். சிங்களத்தில் 'எல்லாம்' என்று அர்த்தம். அதுவே ஆட்டத்தின் சொல்லாக நிலைத்துவிட்டது. மோசமான கையை வைத்துக்கொண்டு ஒக்கொம சொல்வதில் அந்த மனிதருக்கு ஒரு குழந்தைச் சந்தோசம்.

மாமா அதற்கு நேர் எதிர். முந்நூற்று நாலில் அவரை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் அந்த ஆட்டம் அவரைக் கெடுத்து வைத்திருந்தது. அதில் ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிய சீட்டு. அதனால் முதல் சில வாரம் ராசா ஜோடியை வீசிவிட்டு ஜாக்கையும் ஒன்பதையும் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். அது போய்விட்டது, பழகிக்கொண்டார். போகாதது வேறொன்று. முந்நூற்று நாலில் கை சரியில்லையென்றால் பாஸ் சொல்லலாம். பாஸ் சொல்ல ஒன்றும் செலவில்லை. எல்லோரும் பாஸ் சொன்னால் கலைத்து மறுபடி போடுவார்கள். பாஸ், பாஸ், பாஸ் என்று உட்கார்ந்திருந்து, கை வருகிற அன்று எழுந்து அடிப்பவன்தான் அதில் கெட்டிக்காரன். எங்கள் சனங்கள் மூன்று தலைமுறையாக ஆடியது அந்த ஆட்டம்.

"பாஸ் சொன்னா என்னா நட்டம்?" என்று மாமா கேட்டார்.

"சந்தா போகுதுங்களே மாமா. நீங்க சும்மா இருந்தாலும் காய் தேயுது."

"தேயட்டும். நல்ல கை வந்தா ஒரே அடியா எடுத்துரலாம்."

இங்கேதான் நான் கிளப்பில் நின்று கற்ற பாடம் வருகிறது. பெரிய சந்தாவைப்போல் பத்து மடங்கு காய் மிஞ்சியிருக்கும்போது உனக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று சீட்டை வீசி விலகு, அல்லது மொத்தத்தையும் தள்ளு. நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் தள்ளினால் நீ இரண்டு விதத்தில் ஜெயிக்கலாம். உன் கை உண்மையிலேயே பெரியதாக இருக்கலாம், அல்லது எதிராளி பயந்து வீசிவிடலாம். இந்த இரண்டாவதுதான் முக்கியம். உன் காயைப் பார்த்து, இதோடு மோதித் தோற்றால் நமக்கும் காயம் பலமாகப் படும் என்று எதிராளி யோசிக்க வேண்டும். நல்ல கை வரட்டும் என்று இருந்துவிட்டால் ஒருநாள் நல்ல கை வரும். ஆனால் அப்போது உன்னிடம் மூன்று காய்தான் இருக்கும். மூன்று காய்க்கு எவன் பயப்படுவான்? சும்மா பார்க்கலாம் என்று நாலு பேர் கூட வருவார்கள். நாலு பேரில் ஒருவனுக்கு எதுவோ விழும். நீ எழுந்துபோவாய்.

தள்ளுவதாக இருந்தால் முதலில் தள்ள வேண்டும், அதையும் சொன்னேன். அடுத்தவன் தள்ளிய பிறகு சரி என்று சேர்கிறவனுக்கு அந்தப் பயமுறுத்தல் கிடையாது. அவனுக்குச் சீட்டு மட்டும்தான் மிச்சம்.

மாமா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு பாஸ் சொன்னார்.

ஒரு ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பாஸ் சொல்லிச் சொல்லி மூன்று ரப்பர் விதையில் வந்து நின்றார். அப்போது அவருக்கு ஏஸ் ஜோடி விழுந்தது, முதல் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரிய கை இல்லை. "பாத்தியா மாப்ள, வந்துச்சு" என்று என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு, "ஒக்கொம" என்றார். லொறிக்காரர் ஏழையும் நாலையும் வைத்துக்கொண்டு சேர்ந்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். நடுவில் ஒரு நாலும் ஒரு ஏழும் விழுந்தன, லொறிக்காரரின் இரண்டு ஜோடி மாமாவின் ஒரு ஜோடியை அடித்துவிட்டது. மாமா தன் இரண்டு ஏஸையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கை" என்றார். எழுந்துபோய் வாசலில் நின்று மழையைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

கீழ் டிவிசனும் அப்படித்தான் தேய்ந்துகொண்டிருந்தது. நான் சின்னவனாக இருந்தபோது காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற களத்தில், நிற்க இடம் இருக்காது. பெண் பிள்ளைகள் கார்மெண்ட் ஃபெக்டரிகளுக்குப் போனார்கள். பையன்கள் கொழும்பில் கடைகளுக்குப் போனார்கள், நானும்தான். குடும்பத்தோடு போனவர்கள் கதவில் பூட்டுப் போட்டார்கள், கொஞ்ச நாளில் பூட்டும் துருப்பிடித்தது. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் ஒவ்வொரு பூட்டும் மாமாவின் கையிலிருந்து போன ஒரு காய் என்றுதான் எனக்குப் பட்டது. மழையிலும் பால் எடுக்க மரங்களுக்கு மழைக்காப்பு கட்டுவதை நிறுத்தினார்கள். காட்டுச்செடி இடுப்பளவு வளர்ந்தது. கீழ் டிவிசனை மூடப்போகிறார்கள், மரத்தை மொத்தமாக வெட்டி விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு முதலில் பஜாரில் என் காதில் விழுந்தது, பிறகுதான் தோட்டத்தில்.

மூடுவதற்குள் வீட்டுக்காணிக்கு உறுதி வாங்கிவிட வேண்டும். மாமாவுக்கும் அது தெரியும். கேள்வி ஒன்றுதான், எப்போது.

ஒரு நல்ல நேரம் வந்தது. ரப்பர் விலை ஏறியிருந்தது, ஃபெக்டரி பெரிய ஓர்டர் ஒன்றை ஏற்றுக்கொண்டு பாலுக்குத் தவித்தது. அப்போதும் டிவிசனில் அறுபது பேருக்கு மேல் பால் வெட்டினார்கள். அந்த வருடத்துக் கோயில் திருவிழாவுக்குத் தொரை, தோட்டத்தின் மேனேஜரை இன்னும் அப்படித்தான் சொல்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். திருநீறு பூசிக்கொண்டார். மாமாவிடம் பேசும்போது அவர் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. பயப்படுகிற ஆளை எனக்குத் தெரியும். அவர் பயந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "மாமா, நாளைக்குப் பெரட்டுல வேலய நிப்பாட்டுங்க. காணிக்கு எழுத்துல குடுத்தாத்தான் பால் வெட்டக் கத்திய எடுப்போம்னு சொல்லுங்க. இப்ப சொன்னா அவருக்கு வேற வழி இல்ல."

கேத்தலோடு நின்ற மாமா மகளும் சொன்னாள். "மச்சான் சொல்றது சரிதான்ப்பா. எனக்காகச் சொல்லல. இப்ப நம்ம கையில ஆள் இருக்கு."

மாமா கையிலிருந்த சீட்டை மூடி வைத்தார். கோபப்படவில்லை. "ஒனக்கு இது சீட்டு மாப்ள. தோத்தா நாலு கட்டு விறகு பொளக்கணும், அவ்ளோதான். எனக்கு அப்பிடி இல்ல. நாளைக்கு நிப்பாட்டி, ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம போனா, அறுபது வீட்டு அடுப்ப நான்தான் மூட்டணும். எலெக்சன் வருது. அது முடியட்டும். அப்ப கேட்டா குடுப்பாங்க."

நான் நடுவில் அடுத்த சீட்டைத் திருப்பினேன். ஏழைகளின் காயை நடுவில் தள்ளச் சொல்வது பகிர்கிறவனுக்குச் சுலபம். அவன் கையில் ஒன்றும் இல்லை. மாமாவின் தயக்கம் கோழைத்தனம் இல்லை, அது எனக்கு அன்றும் தெரியும். அவர் பொறுப்பான மனிதர். பொறுப்பான மனிதர்கள்தான் அந்த மேசையில் முதலில் தேய்ந்துபோகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எலெக்சன் முடிந்தது. ஜெயித்தவர்கள் கொழும்புக்குப் போனார்கள். சங்கத்துப் பெரிய ஆள் நேரில் வந்து பேசட்டும் என்று மாமா காத்திருந்தார். அவர் வந்தார், மாலை போட்டார்கள், பேசுகிறேன் என்றார். பிறகு மழை விடட்டும் என்றார் மாமா. மழை மாதத்தில் பாலே இல்லை, நிப்பாட்டினால் யாருக்கு உறைக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம்தான். பாஸ் சொல்வதற்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். மழை விடுவதற்குள் மேல் வரிசை லயம் முழுவதும் காலியானது. பிள்ளைக் காம்பராவிலும் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது, ஏழெட்டுப் பேர் ஐந்து பேரானார்கள்.

ஒருநாள் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கீழ் டிவிசன் மூடப்படுகிறது. மிச்சமிருக்கிற குடும்பங்களுக்கு மேல் டிவிசனில் காலியாகக் கிடக்கும் காம்பராக்கள் கொடுக்கப்படும். காணி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று சாயந்திரம் மாமா எனக்கு ஃபோன் எடுத்தார்.

"வியாழக்கெழம நிப்பாட்டுறோம் மாப்ள," என்றார். குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. "இப்ப நம்ம பக்கம் நியாயம் முழுசா இருக்கு. நோட்டீஸ்லயே தப்பு இருக்குன்னு லோயர் ஒருத்தர் சொன்னாரு. இந்த மாதிரி கை இதுவரைக்கும் வந்ததில்ல."

எனக்கு அந்த இரண்டு ஏஸ் நினைவுக்கு வந்தது. "எத்தன பேரு மாமா வருவாங்க?" என்று கேட்டேன்.

"பதினோரு பேர்" என்றார்.

கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தூறல். ஒஃபிசுக்கு முன்னால் பதினோரு பேரும் வாளியோடும் பால் வெட்டுகிற கத்தியோடும் நின்றார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் பாதையோரம் மரத்தடியில் நின்றேன். பொலிஸ் வரும், கத்தல் வரும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தொரை வெளியே வந்தார், குடையில்லாமல், சிரித்துக்கொண்டு. பியூனைக் கூப்பிட்டு உட்காரக் கதிரைகளை வராந்தாவில் போடச் சொன்னார்.

"வாங்க தலைவர். ஏன் ஈரத்துல நிக்கிறீங்க? எல்லாரும் வந்து உக்காருங்க," என்றார். சுத்தமான தமிழ் பேசினார். "தேத்தண்ணி குடிங்க."

அறுபது பேர் இருந்தபோது இந்த மனிதர் ஜீப்பின் கண்ணாடியைப் பாதிதான் இறக்குவார். பதினோரு பேருக்குக் கதிரை போட்டார். அந்தக் கதிரைகளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டதென்று தெரிந்தது. நம்மைக் கண்டு பயமில்லாதவர்கள்தான் நம்மிடம் அவ்வளவு அன்பாக இருப்பார்கள்.

மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டே, எழுதி வைத்துப் பாடமாக்கியிருந்ததைச் சொன்னார். தலைமுறைக் கணக்கு, உழைப்பு, சட்டம், எல்லாம். நன்றாகப் பேசினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தொரை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி தலைவர். நான் மேல எழுதுறேன். அதுவரைக்கும் வேலைக்கு வராட்டியும் பரவாயில்ல. மரம் எப்படியும் வெட்டப்போறது தானே. ஒங்களுக்குத்தான் பேர் விழாது, அதான் யோசிக்கிறேன்."

அவ்வளவுதான். பதினோரு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். குடிக்காமல் வருவது மரியாதையில்லை என்று மாமா சொன்னாராம். திரும்பி வரும்போது வாளிகள் கைப்பிடியில் கிறீச்சிட்டன. அடுத்த வாரத்துக்குள் எட்டுப் பேர் மேல் டிவிசனுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மாமாவும் கடைசியில் போனார்.

முன்பே தள்ளியிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. தெரிந்தது போல் நான் எழுதினால் அது பொய். சரியான நேரத்தில் தள்ளியவர்கள் தோற்று எழுந்து போவதைக் கிளப்பில் தினமும் பார்த்திருக்கிறேன். நேரம் பார்த்துத் தள்ளுவது ஜெயிப்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதிரில் இருப்பவனை ஒரு நிமிடமாவது வியர்க்க வைக்கலாம், அதற்குத்தான் உத்தரவாதம். எங்களுக்கு அந்த ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை.

மேல் டிவிசனில் மாமாவுக்குக் கொடுத்தது ஓடு மாற்றிய இரண்டு காம்பரா. பார்க்கப் போனால் பழையதைவிட நல்ல காம்பராதான். ஆனால் அதுவும் தோட்டத்தின் காம்பரா, பேர் போடுகிற ஆள் இருக்கும்வரைதான். மாமாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு நெருங்கிவிட்டது. அதனால் மாமா மகள், பத்தாம் வகுப்புவரை படித்து, இரத்தினபுரியில் தையல் வகுப்புக்கும் போய் வந்தவள், பால் வெட்டப் பேர் பதிந்தாள். எனக்கு அது ஃபோனில்தான் தெரியவந்தது. "என்னா செய்றது மச்சான், புள்ளைக்குக் கூர வேணுமே" என்று சாதாரணமாகச் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் 'சரி' என்றேன். அன்றைக்கு முழுவதும் கடையில் யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சாமான் மாற்றியது ஒரு ஞாயிறு. லொறிக்காரர் தன் லொறியையே கொண்டுவந்தார், அதே லொறியில்தான் மறுவாரத்திலிருந்து எங்கள் மரங்களை ஏற்றப்போகிறார். அலமாரி, கட்டில், தையல் மெசின், சாமி படங்கள், கோழிக் கூண்டு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாட்டை முன்பே விற்றுவிட்டார்கள். தார்ப்பாய் கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லொறியை ஓரமாக விட்டுவிட்டு, ஆம்பிளைகள் ஐந்து பேரும் பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடினோம். சீட்டுக்கட்டு சன்னலில் இருந்தது, விதை டப்பாவும் இருந்தது. மழை விடும்வரை ஒரு கை போடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

மாமாவோடு சேர்த்து நாலு பேர் ஆட உட்கார்ந்தார்கள். நான் காய்களைச் சமமாகப் பிரித்தேன், இரண்டு பேர் சந்தா வைத்தார்கள், சீட்டுப் போட்டேன். முதலில் பேச வேண்டியது மாமா. அவர் தன் இரண்டு சீட்டையும் தொடவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தன் விதை அத்தனையையும் வழித்து நடுவில் தள்ளினார்.

"ஒக்கொம" என்றார்.

ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வருடக்கணக்கில் பாஸ் சொன்ன மனிதர். அடுத்தவர் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வீசினார். அதற்கடுத்தவரும் வீசினார். எந்தக் குப்பையை வைத்துக்கொண்டும் கூட வருகிற லொறிக்காரர், ஏஸும் ராசாவும் வைத்திருந்தார், எனக்குக் காட்டினார், நல்ல கை. மாமாவின் முகத்தைப் பார்த்தார், குவிந்திருந்த விதையைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "பயய் தலைவர்" என்றார். பயமாக இருக்கிறதாம்.

நடுவில் இருந்த சந்தா மாமாவுக்கு வந்தது, மூன்று புளியமுத்து. அதன்பிறகுதான் அவர் தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஏழும், வேறு வேறு நிறம். அந்த ஆட்டத்தில் அதைவிட மோசமான கை கிடையாது.

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியே லொறியின் முன்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமா மகள், மழை விட்டிருச்சு, வாங்க என்று குரல் கொடுத்தாள். மாமா எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு சீட்டையும், தன் முன்னால் கிடந்த மூன்று முத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ லேசாவா இருந்துச்சு, மாப்ள?"

நான் சீட்டுகளைக் கூட்டி ரப்பர் வளையம் போட்டேன்.